எழுதிச் சாப்பிடலாம் எண்டு நினைச்சம்

எங்கட தளத்தில் இருந்த விளம்பரங்கள் எல்லாவற்றையும் போன வருடம் கழற்றிவிட்டோம். ஒன்றிரண்டு பேர் கவனித்து, "என்ன, பக்கம் வெறிச்செண்டு கிடக்கு?" என்று கேட்டார்கள். மற்ற ஆக்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஏன் கழற்றினோம் என்று அப்போது எழுதவில்லை, ஏனென்றால் எங்களுக்குள்ளேயே அது முடியாத சண்டையாக இருந்தது. இப்பவும் முழுக்க முடியேல்லை. ஆனால் கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமார் "வலைப்பூ எழுதி உழைக்கலாமோ அண்ணை? அக்கா, அதில எவ்வளவு வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறபடியால், எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம்.

2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டார்கள். அதுவரை 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வீட்டில், வட்ஸ்அப்பில், பெற்றோல் வரிசையில் எங்கே போனாலும் ஒரே கதை: "டொலரில உழைக்க வேணும்." வெளிநாட்டுக்குப் போகக் காசும் இல்லை, துணிவும் இல்லை என்று இருந்த எங்களுக்கு அது ஒரு வழி மாதிரித் தெரிந்தது. எழுதத் தெரியும். தளம் இருக்கு. வாசிக்க ஆக்கள் வருகினம். பிறகு ஏன் சும்மா இருப்பான் என்று விளம்பரத்தைப் போட்டோம். எங்களில் ஒருவன் ஒரு படி மேலே போய், செய்துகொண்டிருந்த ரியூசன் வகுப்புகளையும் விட்டுவிட்டு "இதுதான் இனி என்ர தொழில்" என்றான்.

கணக்கைச் சொல்லுகிறோம். எங்கட நல்ல மாதம் ஒன்றில் 11,000 பார்வைகள் வந்தன. தமிழில் கட்டுரையும் நூல் விமர்சனமும் போடுகிற ஒரு சின்னக் குழுவுக்கு அது பெரிய எண்தான். அன்றைக்கு ஒருவருக்கொருவர் கொத்துறொட்டி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். அந்த மாத வருமானம் ஐந்தரை டொலர். அந்த நேர விலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். ஆக, ஆறு பேர் ஒரு மாதம் இருந்து எழுதியதற்கு நாலு லீட்டர் பெற்றோல். கொத்துறொட்டிக் காசு அதைவிடக் கூட.

இதில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. அந்தச் சந்தை அப்படித்தான் வேலை செய்கிறது. விளம்பரம் போடுகிறவர் வாசகரின் பொக்கற்றைப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். கனடாவில் இருந்து பக்கத்தைத் திறக்கிறவரின் ஒரு பார்வைக்குக் கிடைக்கிறது, கிளிநொச்சியில் இருந்து திறக்கிறவரின் பார்வைக்குக் கிடைக்காது. ஆங்கிலத்துக்கு ஒரு விலை, தமிழுக்கு ஒரு விலை. காப்புறுதி, வங்கிக் கடன் பற்றி எழுதினால் ஒரு விலை, கவிதைத் தொகுப்புப் பற்றி எழுதினால் வேறு விலை. கூகிளின் அட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களை அது அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில். அந்தப் பதினைந்து வருடமும் தமிழில் எழுதின ஆக்கள், அந்தக் காலத்துத் தமிழ்மணம் திரட்டியில் வரிசையாக வந்த எங்கட மூத்த ஆக்கள் உட்பட, பெரும்பாலும் கைக்காசைச் செலவழித்துத்தான் எழுதினார்கள். நெற் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி எழுதின அண்ணைமாரும் இருக்கினம். கணக்கில் 100 டொலர் சேராமல் காசு வெளியே வராது என்பது இன்னொரு விதி. மாதம் ஐந்தரை டொலர்ப்படி 100 சேர எத்தனை மாதம் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். அதுக்கிடையில் 10 டொலர் வந்தவுடன் முகவரியை உறுதிப்படுத்த ஒரு இலக்கம் தபாலில் வரும். எங்கட ஒழுங்கைக்கு இலக்கமும் இல்லை, பேரும் இல்லை. தபால்காரர் ஐயாவுக்கு முதலே சொல்லி வைத்து, கோயிலடி, கிணத்தடி என்று அடையாளம் கொடுத்துக் காத்திருந்தது தனிக்கதை. பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், வாங்க ஏலாது என்ற நிலை எத்தனை வருடமாக இழுபட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

காசு ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் விட்டிருப்போம். கொஞ்சம் வந்தது. அதுதான் பிரச்சினையாகப் போனது.

கொஞ்சம் வந்தால் இன்னும் கொஞ்சம் வராதா என்று பார்க்கத் தோன்றும். காலமை எழும்பியவுடன் முகம் கழுவ முதல் எண்களைப் பார்ப்போம். எது ஓடுது, எது ஓடவில்லை, எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், எவ்வளவு நேரம் நின்றவர்கள். மூன்று மாதத்தில் ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. ஊர் நினைவு எழுதினால் ஓடும். ஒடியல் கூழ், பனங்கிழங்கு, திண்ணை, பங்குக் கிணறு, பழைய மினிபஸ். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற மாமாமார், அன்ரிமார் பகிர்ந்து தள்ளுவினம். பார்வைக்குக் காசும் கூட.

அவர்களில் பிழை சொல்லவில்லை. விட்டிட்டுப் போன ஊரை நினைக்க அவர்களுக்கு உரிமை இருக்கு. பிழை எங்களில். நாங்கள் பிறந்து வளர்ந்து இன்றைக்கும் குந்தியிருக்கிற ஊர் அதில்லை. திண்ணை வைத்த வீடு எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பனங்கிழங்கு பற்றி உருகி உருகி எழுதினவன் அதைச் சாப்பிடவே மாட்டான், தும்பு பல்லுக்குள் போகுது என்பான். அதே கிழமை நுண்கடன் கட்ட முடியாமல் கிழமைக்குக் கிழமை ஒளிந்து திரியும் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை பாதியில் கிடந்தது. அதற்கு நாலு தரம் போய்க் கதைக்க வேண்டும், கடன் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பனங்கிழங்குக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. அந்தக் கட்டுரை இன்றைக்கும் பாதியில்தான் கிடக்கு. அக்கா வீட்டை விட்டுப் போய்விட்டா.

மே மாதம் இன்னும் மோசம். மே மாதத்தில் எங்கட பக்கத்துக்கு ஆக்கள் கூட வருவார்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. முதல் வருடம் முள்ளிவாய்க்கால் கஞ்சி பற்றி எங்களில் ஒருத்தி எழுதினாள். அவளின் குடும்பம் அங்கே கஞ்சிக்கு வரிசையில் நின்ற குடும்பம். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பி வரவில்லை. கட்டுரையைப் போட்டுவிட்டு போனில் திறந்து பார்த்தால், இரண்டாம் பந்திக்கும் மூன்றாம் பந்திக்கும் நடுவில் உடம்பு மெலியிற மருந்துக்கு ஒரு விளம்பரம். அது தானாக வந்து விழுவது, நாங்கள் தெரிவு செய்ததில்லை. ஆனால் அந்த இடத்தை வாடகைக்கு விட்டது நாங்கள்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாள் எண்களைப் பார்த்தபோது, அதுவரை வந்ததில் மிக நல்ல நாள் அது. எங்களில் ஒருவன், பேர் வேண்டாம், வாய் தவறி "மே மாதம் இன்னும் ரெண்டு போடலாம்" என்றான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. சொன்னவனுக்கே தான் என்ன சொன்னேன் என்று பிறகுதான் விளங்கியது.

சொந்த வாழ்க்கையை எழுதுகிறதும் இப்படித்தான் போய் முடிகிறது. இன்னொருத்தி தன்ர அம்மாவின் வருத்தத்தைப் பற்றி எழுதினாள். மகரகமவுக்கும் ஊருக்குமாக பஸ்ஸில் அலைந்த கதை. நல்ல எழுத்து, நிறையப் பேர் அழுததாக எழுதினார்கள். உடனே நாங்கள் கேட்டது: "ரெண்டாம் பாகம் எப்ப?" அம்மாவோ "என்னை வைச்சுத்தான் எழுதுறியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டிருக்கிறா. இரண்டாம் பாகம் வரவில்லை. அமெரிக்காவில் ஹெதர் ஆம்ஸ்ட்ரோங் என்றொருவர் 2001இல் டூஸ் என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். வேலையிடத்தைப் பற்றி எழுதியதால் 2002இல் வேலை போனது. பிறகு பிள்ளைப்பேறு, மனச்சோர்வு, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதி, விளம்பரக் காசில் முழுக் குடும்பத்தையும் நடத்தினார். வலைப்பதிவு எழுதி உழைக்கலாம் என்பதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் அவர். 2015இல் அவரே அந்தத் தொழிலிலிருந்து ஒதுங்கினார், 2023இல் காலமானார். அவர் எழுதியது பலருக்குத் தெம்பு கொடுத்தது, அதை மறுக்க ஏலாது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதுதான் விற்பனைச் சரக்கு என்று ஆன பிறகு, வீட்டில் ஒன்றும் நடக்காத கிழமை என்ன செய்வது?

விளம்பரம் வேண்டாம், வாசகரிடமே கேட்கலாம் என்றும் யோசித்தோம். ஜேசன் கொட்கி 2005இல் வேலையை விட்டுவிட்டு வாசகரின் காசில் எழுதிப் பார்த்தார். ஒரு வருடத்தில் அந்த முறையை நிறுத்திக்கொண்டார். அன்ட்ரூ சலிவன் 2013இல் வருடத்துக்கு 19.99 டொலர் சந்தா என்று தொடங்கினார், ஆயிரக்கணக்கில் சந்தா சேர்ந்தது. காசுப் பக்கத்தில் அது வெற்றிதான். அப்படியிருந்தும் 2015 தொடக்கத்தில் நிறுத்தினார். பதினைந்து வருடம் நாளாந்தம் எழுதியதில் உடம்பு ஏலாமல் போய்விட்டது, ஒரு புத்தகத்தை மெதுவாக இருந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இவர்கள் ஆங்கிலத்தில், அமெரிக்காவில், பெரிய வாசகர் கூட்டத்தோடு இருந்தவர்கள். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று யோசியுங்கோ.

இடையில் உள்ளூர்க் காசும் ஒரு தரம் வந்தது. ஒரு சாப்பாட்டுக் கடை, "நல்லா எழுதுங்கோ தம்பி, பாத்துச் செய்வம்" என்றது. எழுதினோம். அங்கே சாப்பிட்டு எங்களில் இரண்டு பேருக்கு வயித்தால போனதை எழுதவில்லை. அதுக்குப் பிறகு நாங்கள் புத்தக விமர்சனம் எழுதினாலும் "இதுக்கு எவ்வளவு வாங்கினியள்?" என்று ஒரு சிநேகிதன் பகிடியாகக் கேட்டான். பகிடிதான், ஆனால் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. எங்கட கட்டுரைகளை அப்படியே வெட்டி ஒட்டி, தலைப்பில் "அதிர்ச்சி!" என்று சேர்த்து எங்களைவிடக் கூட உழைத்த தளங்களைப் பற்றிச் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. இப்போது தேடுபொறியே பதிலைச் சுருக்கி மேலே போட்டுவிடுகிறது. வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் இனிக் கஷ்டகாலம்தான்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, ஆகவே காசுக்கு எழுதாதேங்கோ என்று முடித்தால் அது பொய். கூட்டத்தில் இதைத்தான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "காசுக்கு எழுதக்கூடாது எண்டு சொல்லுறது ஆர்? வீட்டில சோறு இருக்கிற ஆக்கள்தானே?" எங்களில் நாலு பேருக்கு மாதச் சம்பளம் இருக்கு. வெளிநாட்டில் ஒரு சித்தப்பாவோ அண்ணாவோ இருக்கு. அவர்கள் எழுத்தைப் புனிதமாக வைத்திருக்கலாம். சும்மா எழுதக்கூடிய ஆக்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்றால், நுண்கடன் அக்காவின் மகள் எப்ப எழுதுவாள்? இந்தக் கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இளம் ஆக்களின் கட்டுரைக்கு ஒரு சின்னத் தொகையாவது கொடுத்தால் கொஞ்சம் மாறும். எழுத்துக்குக் காசு கேட்கிறதே வெட்கம் என்று எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள், கடைக்கு மேளம் அடிக்கிறவருக்குக் கூலி கொடுக்க யாரும் வெட்கப்படுவதில்லை.

இப்போதைக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். விளம்பரத்தைக் கழற்றினோம். தளத்துக்கான வருடக் கட்டணத்துக்கு சம்பளம் இருக்கிற நாலு பேரும் மாதம் 500 ரூபாய் போடுகிறோம். மிஞ்சுகிற காசில், களத்துக்குப் போய் எழுதுகிறவருக்கு பஸ் காசும் சாப்பாடும். பார்வை எண்ணிக்கையைப் பார்க்கிற கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும், கேட்டாலும் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். மாதத்துக்கு மூன்று கட்டுரை வந்த இடத்தில் இப்போது ஒன்று வருகிறது, சில மாதம் அதுவும் இல்லை.

ரியூசனை விட்டுவிட்டு "இதுதான் என்ர தொழில்" என்றவன் எங்களில் மிக நன்றாக எழுதக்கூடியவன். ஒன்றரை வருடம் தாக்குப் பிடித்தான். ஒரு நாளைக்கு இரண்டு பதிவு, கைப்பேசி விமர்சனம், சோதனைப் பெறுபேறு, ராசிபலன் வரைக்கும் எழுதினான். ரியூசன் பிள்ளைகள் அதற்குள் வேறு வாத்தியாரிடம் போய்விட்டார்கள். இப்போது வவுனியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். ஒன்றும் எழுதுகிறதில்லை. விளம்பரம் கழற்றினதைச் சொன்னபோது "நல்லது மச்சான், நான் இருக்கேக்க கழட்டியிருக்கலாம்" என்றான். இந்தக் கட்டுரையைப் போட முதல் அவனுக்குத்தான் அனுப்பினோம். ராசிபலன் விசயத்தை எடுக்கச் சொல்லுவான் என்று நினைத்தோம். "விடு, இருக்கட்டும். பெற்றோல் கணக்கை மட்டும் ஒருக்கா சரிபாருங்கோ" என்று வொய்ஸ் அனுப்பியிருந்தான். பார்த்தோம், சரியாகத்தான் இருக்கு.