‘பெட் ஃப்ரெண்ட்லி’ போர்டை நம்பி நாயோடு ஓட்டலுக்குப் போகலாமா? விதி சொல்வது வேறு!

சனிக்கிழமை சாயங்காலம். வாரம் முழுக்க வீட்டில் தனியாகக் கிடந்த லேப்ரடாரை மறுபடியும் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போக மனசு வராது. போனை எடுத்து ‘பெட் ஃப்ரெண்ட்லி’ என்று தேடினால் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, ஈ.சி.ஆர். என்றுதான் பெரும்பாலும் வரும். பூந்தமல்லியில் குடியிருப்பவருக்கு, சனிக்கிழமை டிராஃபிக்கில், அது இன்னொரு ஊர் மாதிரி. அதனால் பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இடம் தாராளமாக இருக்கிற ஓர் ஓட்டலில் வண்டியை ஓரங்கட்டி, “நாய் இருக்கு, வெளியே உட்காரலாமா?” என்று கேட்பார்கள். கல்லாவில் இருப்பவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஓரமா உட்காருங்க சார், பரவாயில்லை” என்பார்.

இந்தப் ‘பரவாயில்லை’யை நம்பித்தான் நாயோடு வெளியே சாப்பிடுகிற பழக்கம் நம் ஊரில் வளர்ந்துகொண்டிருக்கிறது. விதியைத் திறந்து பார்த்தால் கதை வேறு.

எலிக்கு எழுதிய பத்தியில் நாய்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ல் நிறைவேறியது. அதன் கீழ் 2011-ல் வந்த உரிமம், பதிவு குறித்த விதிகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே பழக்கமான பகுதி. தரை எப்படி இருக்க வேண்டும், தண்ணீரை எப்படிச் சேமிக்க வேண்டும், ஊழியர்கள் கையை எப்போதெல்லாம் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். பூச்சி, எலிக் கட்டுப்பாடு பற்றிப் பேசும் இடத்தில், ஓட்டைகளையும் வடிகால்களையும் வலை போட்டு அடைக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறது: விலங்குகள், பறவைகள், செல்லப்பிராணிகளை உணவு நிறுவனத்தின் பகுதிகளுக்குள்ளோ வளாகத்துக்குள்ளோ விடக் கூடாது.

சமையலறைக்குள் என்று சொல்லவில்லை, வளாகம் என்கிறது. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏசி ஹாலும் அதில் வரும், வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் வரும். கரப்பானுக்கும் எலிக்கும் எழுதிய பத்தியில் உங்கள் வீட்டுப் பக் நாயும் மாட்டிக்கொண்டது.

அப்படியானால் சென்னையிலும் பெங்களூரிலும் இத்தனை கஃபேக்கள் எப்படி நடக்கின்றன? பதில் சிம்பிள்: யாரும் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பதில்லை. அதிகாரிகள் கெட்டுப்போன இறைச்சி, கலப்படம், காலாவதியான மசாலா என்று தேடி வருகிறார்கள். அதுதான் முக்கியம் என்பதிலும் சந்தேகமில்லை. சொமேட்டோவில் இருக்கும் ‘பெட் ஃப்ரெண்ட்லி’ ஃபில்டரும் கூகுள் மேப்ஸில் இருக்கும் ‘நாய்களுக்கு அனுமதி’ குறிப்பும் அரசு கொடுத்த சான்றிதழ் அல்ல. கடைக்காரரோ வாடிக்கையாளரோ கொடுத்த தகவல், அவ்வளவுதான்.

கண்டுகொள்ளாமல் இருப்பது எதுவரை தாங்கும் என்பதுதான் பிரச்சினை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்க ஷவர்மா கடைகளில் சோதனை நடந்தது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன் பிறகுதான் ‘நாய்க்கு லைசென்ஸ் எடுக்கணுமா?’ என்று பலரும் கேட்கவே ஆரம்பித்தார்கள். ஓட்டலிலும் இதேதான் நடக்கும். ஒரு குழந்தைக்குக் கடி விழும் நாளில், அதுவரை எல்லோரும் மறந்திருந்த அந்த வரி நினைவுக்கு வரும். சுகாதாரமற்ற முறையில் உணவைக் கையாண்டதாகச் சட்டத்தின் 56-வது பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. நாயை அஜாக்கிரதையாக வைத்திருந்ததாக உரிமையாளர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு பாயலாம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “ஓரமா உட்காருங்க” என்று சொன்னவர், உட்கார்ந்தவர் இருவருக்குமே அன்றைக்குப் பாதுகாப்பு இல்லை.

ஒரு சொல்லில் இருக்கும் வித்தியாசம்

பிரிட்டனில் பப் மேசைக்கு அடியில் நாய் தூங்கும் காட்சியை ரீல்ஸில் பார்த்து ஏங்காதவர்கள் குறைவு. அங்கே மட்டும் எப்படி? ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் கொண்டுவந்த உணவுச் சுகாதார விதி, பிரிட்டனும் அதைத்தான் பின்பற்றி வந்தது, உணவு தயாரிக்கும், கையாளும், சேமிக்கும் இடங்களுக்குள் வீட்டு விலங்குகள் வராமல் தடுக்கச் சொல்கிறது. சாப்பிடும் இடத்தைப் பற்றிய முடிவைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறது. நம் விதி சமையல் இடத்தையும் சாப்பிடும் இடத்தையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் போட்டுவிட்டது.

அமெரிக்காவும் வெகுகாலம் நம்மைப் போலத்தான் இருந்தது. கலிஃபோர்னியா ஒரு சட்டத் திருத்தம் செய்து, 2015 ஜனவரி 1 முதல் ஓட்டல்களின் வெளிப்புறப் பகுதியில் நாய்களை அனுமதித்தது. ஆனால் சும்மா திறந்துவிடவில்லை. ஹால் வழியாக வராமல் நேராக வெளிப்பகுதிக்கு வர வழி இருக்க வேண்டும், நாய் கயிற்றில் இருக்க வேண்டும், நாற்காலியில் ஏறக் கூடாது, பரிமாறும் ஊழியர் நாயைத் தொடக் கூடாது, நாய்க்குக் கொடுக்கும் தண்ணீரும் சாப்பாடும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் கிண்ணத்தில்தான் இருக்க வேண்டும். 2022-ல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி உணவு விதித்தொகுப்பும், உள்ளூர் அனுமதியோடு வெளிப்புறத்தில் நாய்களுக்கு இடம் கொடுத்தது.

இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் போதுமா? போதாது. கலிஃபோர்னியாவின் ‘வெளியே’ வேறு, பூந்தமல்லியின் ‘வெளியே’ வேறு. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு டிரங்க் ரோட்டில் மனுஷனே நிற்க முடியாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். பக், புல்டாக் மாதிரி தட்டை மூக்கு இனங்களுக்கு அதுவும் சரியாக முடியாது. சிமென்ட் தரையில் கால் வைத்தாலே சுடும். நம் ஊருக்கு வெளிப்புற அனுமதி என்றால் வெயில் தாழ்ந்த பிறகு, நிழலும் ஃபேனும் இருக்கிற இடத்தில் என்றுதான் அர்த்தம்.

இதைவிட மோசமான ஒன்று இப்போது சாதாரணமாக நடக்கிறது. உள்ளே விட மாட்டார்கள் என்பதால், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு நாயைக் காரிலேயே விட்டுவிட்டுப் போவது. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும். ஒரு பிரியாணி சாப்பிட்டு பில் கட்டுவதற்குள் நாய் செத்துப்போகலாம். ஓட்டலில் இடமில்லை என்றால் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே அதற்குச் செய்யும் நல்லது.

சப்ளையரை யார் கேட்டார்கள்?

நாயோடு வெளியே சாப்பிடுவது பற்றிய பேச்சில் எப்போதும் இரண்டு குரல்தான் கேட்கிறது. ஒன்று, “என் குழந்தை மாதிரி, ஏன் உள்ளே விடக் கூடாது?” இன்னொன்று, “எங்களுக்கு அருவருப்பா இருக்கு, பயமா இருக்கு.” இரண்டுமே மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் குரல். மேசைக்கும் சமையலறைக்கும் நடுவே நடப்பவரை யாரும் கேட்பதில்லை.

நெடுஞ்சாலை ஓட்டல்களில் பரிமாறுபவர்களில் கணிசமானவர்கள் வெளியூர், வெளிமாநில இளைஞர்கள். இரண்டு கையிலும் சூடான தட்டு. மேசைக்கு அடியில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். “ஒண்ணும் பண்ணாதுங்க” என்று உரிமையாளர் சிரிக்கிறார். உங்களுக்கு ஒன்றும் பண்ணாது, சரி. சால்னா வாசனையோடு தலைக்கு மேலே குனியும் புது ஆளை அது என்ன செய்யும் என்று உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியுமா? முதலாளி ‘வரலாம்’ என்று சொல்லிவிட்டதால் ‘எனக்குப் பயம்’ என்று அந்தப் பையனால் சொல்ல முடியாது. நாய் தரையில் ஒண்ணுக்குப் போனால் துடைக்கப் போவதும் அவர்தான். துடைத்த கையோடு அடுத்த மேசைக்கு ரொட்டி கொண்டுபோவதும் அவராக இருந்தால், நான்காம் அட்டவணையின் அந்த வரி அவ்வளவு ஒன்றும் முட்டாள்தனமானது இல்லை என்று தோன்றும்.

கடித்தால்தான் ஆபத்து என்பதும் தவறு. காயம் பட்ட தோலில் நாய் நக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது மூன்றாம் வகை, அதாவது மிகத் தீவிரமான தொடர்பு. பாத்திரம் கழுவியும் வெங்காயம் நறுக்கியும் கை வெடித்துப்போனவர்கள் வேலை செய்யும் இடம் ஓட்டல். தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகியிருக்கின்றன. நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று வாயால் சொன்னால் ஊழியர் எதை வைத்து நம்புவார்? கார்டின் போட்டோ போனில் இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. அப்படியும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம்.

தட்டு விஷயமும் அப்படித்தான். “கடைசி வாய் உனக்கு” என்று ஓட்டல் தட்டையே நாய்க்கு நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தட்டு மற்ற தட்டுகளோடு ஒரே தொட்டிக்குத்தான் போகும். வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துவருவது பெரிய வேலையா என்ன?

சால்னா வேண்டாம், ப்ளீஸ்

சரி, நாய் என்ன சாப்பிடும்? பிரியாணி, சால்னா, கிரேவி எல்லாவற்றிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. பிரியாணியில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். லெக் பீஸ் எலும்பு வெந்த பிறகு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். தாளிக்காத தயிர் சாதம், உப்பு மசாலா இல்லாமல் வெந்த கோழி, இவை போதும்.

சில கஃபேக்கள் நாய்க்கென்றே தனி மெனு வைத்திருக்கின்றன. பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருப்பதைப் பார்த்து அந்த நாய்ச் சாப்பாடும் பரிசோதனைக்கு உட்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2006 சட்டத்தில் ‘உணவு’ என்பதன் வரையறையே விலங்குத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. அந்த எண் உங்கள் காபிக்குத்தான், உங்கள் நாயின் கிண்ணத்துக்கு இல்லை. என்ன போட்டுச் செய்தார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போரூர் வரை ஒரு விதி

சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் செல்ல நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது, பிறகு கெடுவைத் தள்ளிவைத்தது. போரூர் மாநகராட்சிக்குள் வருவதால் இந்த விதி அங்கே உண்டு. மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே வந்தால் ஐயப்பன்தாங்கல், காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சி. அதையும் தாண்டிக் கரையான்சாவடி வந்தால் திருவள்ளூர் மாவட்டத்தின் பூந்தமல்லி நகராட்சி. வடக்கே அம்பத்தூர் சென்னை மாநகராட்சி, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. ஒரே நாய், ஒரே நாளில், நான்கைந்து உள்ளாட்சிகளைத் தாண்டி வாக்கிங் போய் வரலாம். சென்னை மாநகராட்சியின் தீர்மானம் எல்லையைத் தாண்டிச் செல்லாது. பூந்தமல்லி ஓட்டல்காரர் ‘லைசென்ஸ் காட்டுங்க’ என்று கேட்க நினைத்தாலும், எந்த லைசென்ஸ் என்ற கேள்வி முதலில் வந்துவிடும்.

இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கையைக் காட்டி ‘நாயைத் தடுக்கக் கூடாது’ என்று வாதிடுபவர்களும் உண்டு. அது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் பொது இடங்களுக்கும் பேசியது. நாயை உள்ளே விடாத ஓட்டலை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது.

மாற வேண்டியது முதலில் விதிதான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த ஒரு வரியை உடைத்து, சமையல் நடக்கும் இடத்துக்கு முழுத் தடை, தனி வழியுள்ள வெளிப்பகுதிக்கு நிபந்தனையோடு அனுமதி என்று எழுத வேண்டும். அப்போதுதான் அதிகாரிக்கும் எதைச் சோதிப்பது என்று தெரியும், ஓட்டல்காரரும் ஒளிந்து மறைந்து நடத்த வேண்டியதில்லை. டெல்லியில் திருத்தம் வரும் வரை, விதிப்படி பார்த்தால் நாயோடு போவது தவறுதான். கடை திறந்துவைத்திருக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. தெரிந்தே போகிறவர்கள் கிளம்பும் முன் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம்: ஹால் வழியாக வராமல் உட்கார முடியுமா, அன்றைக்கு நாய்க்குப் பயப்படாத ஊழியர் யாராவது அந்த மேசையைப் பார்த்துக்கொள்வாரா, கூட்டம் எந்த நேரத்தில் குறைவு? “வாங்க வாங்க, எல்லாம் ஓகே” என்று அவசரமாகச் சொல்லும் கடையைவிட, “ஏழு மணிக்கு முன்னாடி வந்துடுங்க, கயிறு கட்டாயம், கிண்ணம் நீங்களே கொண்டு வாங்க” என்று சொல்லும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.