கயிறு யார் கையில்?

கார்ப்பரேட் நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளுக்குள்ளும் ‘லீன்’, ‘அஜைல்’ எனும் நிர்வாக முறைகள் நுழைந்துவிட்டன. ஒப்பந்தங்கள் பலகையில் அட்டைகளாக நகர்கின்றன. ‘விரயத்தை’ ஒழிப்பதே கட்டளை.

எது விரயம்? டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய முறையில், குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம். 2001இல் வெளியான அஜைல் அறிக்கையின் கோட்பாடுகளும் தாங்கக்கூடிய வேகத்தையே கோருகின்றன. நிர்வாகங்களோ வேகத்தை எடுத்துக்கொண்டு கயிற்றைக் கைவிடுகின்றன.

முழுநேர ஊதியம் பெறும் சட்ட அலுவலர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதி தடை விதிக்கிறது. வழக்கறிஞருக்குரிய ரகசியப் பாதுகாப்பு இவருக்கு இல்லை என 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ‘தொழிலாளி’ எனும் வரையறைக்குள்ளும் இவர் எளிதில் வருவதில்லை. “இந்த ஷரத்து சட்டவிரோதம்” என எழுத இவர் கேட்கும் ஒரு நாள், தாமதமாகவே கணக்கிடப்படும்.

அதன் விலையைக் கொடுப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தியது. வெளியிலிருந்த தடை தளர்ந்தது. உள்ளிருக்கும் தயக்கமும் இப்போது ‘விரய’மாகிறது.

திரும்பத் திரும்ப வரும் படிவங்களை எளிமையாக்குவதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால், சட்டமீறலைக் கண்டு நிறுத்துபவர் தண்டிக்கப்படக் கூடாது. இலக்குகள் பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டும். சட்டப் பிரிவு ஊழியருக்கும் சங்க உரிமை வேண்டும். கயிறின்றி வேகம் மட்டும் என்பது சீர்திருத்தமல்ல, சுரண்டலே.