தோண்டித் தீருமோ நிலத்தின் நஞ்சு?

அழுக்கேறிய ஆடையை வெளுத்து உடுக்கலாம்; கரியேறிய கலத்தைத் துலக்கி வைக்கலாம். நஞ்சேறிய நிலத்தை யாது செய்வது? 'எண்ணெய் கசிந்தால் என்ன? கெட்ட மண்ணைத் தோண்டியெடுத்து நல்ல மண்ணைக் கொட்டினால் தீர்ந்தது' என்பார் உளர். பெட்ரோலியம் என்று அயற்பெயரால் வழங்கும் பாறைநெய்த் தொழிலுக்குப் பரிந்து பேசுவார் கூற்று இது. இதில் உண்மை சிறிது, ஏமாற்றுப் பெரிது.

கசிவு புதிதாய், மேல்மண் அளவில் நிற்குமாயின் தோண்டியகற்றலே விரைந்த மருந்து, இது உண்மை. கறைபட்ட மண்ணோடு அதனைச் சூழ்ந்த மண்ணையும் எடுத்து, குழியின் பக்கங்களையும் அடியையும் ஆய்ந்து, நெய்யில்லை எனத் தெளிந்த பின்னரே நன்மண் இட்டு நிரப்புதல் வேண்டும். எடுத்த மண்ணை வெப்பமூட்டியோ, நெய்யைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கொண்டோ தூய்மை செய்தல் வேண்டும். இன்றேல் ஓரூரின் நஞ்சு வேறோரூருக்குக் குடிபெயரும், அவ்வளவே!

நெய் நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டாலோ கதையே வேறு. நீரினும் எடை குறைந்த நெய், அதன்மேல் மிதந்து பரவும். அதிலுள்ள பென்சீன் முதலிய நச்சுப்பொருள்கள் நீரிற் கரைந்து, நீர் செல்லும் வழியெல்லாம் செல்லும். அங்கே தோண்டினால் குழியில் நீர் ஊறும், கரை சரியும். பின்னர் ஆண்டுக்கணக்கில் நீரை இறைத்துத் தூய்மை செய்ய நேரும்.

2013-இல் சென்னைத் தண்டையார்ப்பேட்டைக் கிணறுகளில் எரிநெய் கலந்து வந்தது. மேலே வீடுகள், தெருக்கள். எதனைத் தோண்டுவது?

ஈழத்துச் சுன்னாகத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம் வற்றாத ஆறில்லா நாடு; கிணறே அதன் உயிர். நிலத்தடியிலோ வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். மின்னாக்க நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் அங்குக் கிணறுகள் கெட்டன. 2019-இல் இலங்கை உச்ச முறைமன்றம், அந்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி உருபா இழப்பீடு தருமாறு தீர்ப்பளித்தது. ஐந்நூறு பேருக்கு மேற்படாமல், ஆளுக்கு 40,000 உருபா! வெடிப்புதோறும் புகுந்த நெய்யை எந்த மண்வெட்டி எடுக்கும்? கெட்ட ஊற்றுக்கண்ணுக்கு அத்தொகை ஈடாமோ?

இதனை இடையஞ்சாவடியிலிருந்து வாளா எழுதவில்லை. எங்கள் செம்மண்ணின் அடியில் நீரைத் தாங்குவதும் கடத்துவதும் மணற்கல். வடக்கே கழுவெளியும் மரக்காணத்து உப்பளங்களும். 2018-இல் மரக்காணம் தொடங்கித் தெற்கே கடலிலும் கரையிலும் பாறைநெய் தேடும் உரிமையை நடுவணரசு வேதாந்தா நிறுவனத்திற்கு வழங்கியது. 2019 சூன் 23-இல் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்று மறுத்தனர். ஆயினும் 2020-இல் தமிழக அரசு இயற்றிய சிறப்பு வேளாண் மண்டலக் காப்புச் சட்டத்துள் விழுப்புரம் மாவட்டம் இடம்பெறவில்லை.

அவ்வாண்டே நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இருபத்திரண்டு மொழிகளிலும் தருக என்று தில்லி உயர் முறைமன்றம் ஆணையிட்டது. அதனையும் எதிர்த்து நடுவணரசு உச்ச முறைமன்றம் ஏகியது! நிலம் தமிழனுடையது, கிணறு தமிழனுடையது, அவற்றின் தலையெழுத்தை மட்டும் அவன் படித்தறிய முடியாத மொழியில் எழுதுவதா?

ஆதலின் நம் கோரிக்கை தெளிவானது. இக்கரையில் துளையிடவோ குழாய் பதிக்கவோ முனைவார், முதற்கண் கிணற்று நீரையும் மண்ணையும் ஆய்ந்து முடிவை ஊரறிய வைக்கட்டும். குழாய் செல்லும் வழியையும், கசிந்தால் தூய்மை செய்யும் முறையையும், அதற்குரிய பொருளை முன்னதாகவே ஈடுகட்டியதையும் தெளிதமிழில் எழுதித் தரட்டும். தாராதார் ஒரு சாண் மண்ணையும் தோண்டலாகாது. நஞ்சு இறங்கிய பின் தோண்டுவது மருந்தன்று. நிலத்திற்கு வெட்டும் குழியே!