மைலேஜ் எங்கே போகிறது?



பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்தபின் கார் மைலேஜ் பாதியாகிவிட்டது என்று ஜெயங்கொண்டம் டீக்கடைகளில் பேச்சு. லிட்டருக்கு லிட்டர், எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவுதான். அந்தக் கணக்கில் இழப்பு ஆறேழு சதவீதம். 2021 நிதி ஆயோக் அறிக்கையும் பழைய கார்களுக்கு அவ்வளவே சொன்னது. மிச்சத்துக்கு நம் வலது கால்தான் பொறுப்பு. அரியலூர் சாலையில் சிமென்ட் லாரியை மூன்றாம் கியரில் உறுமி முந்திவிட்டு, அடுத்த லாரிக்குப் பின்னால் பிரேக் அடித்தால் எந்த வண்டி தாங்கும்?

டயரில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். பங்க்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நான் போகும் பங்க்கில் குழாய் சுருட்டியபடியே கிடக்கிறது. கேட்டால் 'ஆள் இல்லை சார்' என்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்கள் நேரில் வந்து பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், ஜெயங்கொண்டம்