சோர்ஸ் ஒரு போல்டரில், அவுட்புட் வேறு போல்டரில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் சி அல்லது ஜாவா கற்றுக் கொள்ளத் தொடங்குகிறார்கள். முதல் புரோகிராம் ஓடிவிட்ட மகிழ்ச்சியில், போல்டரில் என்னென்ன பைல்கள் சேர்கின்றன என்று பார்ப்பதில்லை. நாம் எழுதிய சோர்ஸ் பைலும், கம்பைலர் உருவாக்கிய பைல்களும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. "சின்ன புரோகிராம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். முதல் நாளிலிருந்தே இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் எளிது. சோர்ஸ் இருந்தால் இஎக்ஸ்இ பைலை எத்தனை முறை வேண்டுமானாலும் உருவாக்கலாம். இஎக்ஸ்இ பைல் மட்டும் இருந்தால், நாம் எழுதிய வரிகளையும் கமெண்ட்டுகளையும் அப்படியே திரும்பப் பெற முடியாது. விதைநெல்லை யாரும் சமையல் அரிசியோடு கலந்து வைப்பதில்லை.

கலந்து வைத்தால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது, தவறுதலாக அழித்துவிடுவது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த பைல் வகைகளின் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும். நாமாக மாற்றினால்தான் காட்டும். எனவே சோர்ஸ் பைலும் இஎக்ஸ்இ பைலும் பல சமயம் ஒரே பெயரில் அருகருகே நிற்கும். லினக்ஸில் ஆபத்து இன்னும் அதிகம். ஆப்ஜெக்ட் பைல்களை நீக்க ஆர்எம் கட்டளையில் ஸ்டார், புள்ளி, ஓ என்று சேர்த்து டைப் செய்வார்கள். ஸ்டாருக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால், போல்டரில் உள்ள சோர்ஸ் பைல்களும் சேர்ந்து போய்விடும். குப்பைத் தொட்டியில் தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது, பழைய பைல் நம்மை ஏமாற்றுவது. ஜாவாவில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றுகிறீர்கள். பழைய பெயரில் உருவான கிளாஸ் பைல் அங்கேயே இருக்கும். வேறொரு பைலில் பெயரை மாற்ற மறந்திருந்தாலும், கம்பைலர் அந்தப் பழைய பைலை எடுத்துக் கொண்டு தவறு காட்டாமல் விட்டுவிடும். சோர்ஸை மட்டும் வாங்கிச் சென்ற நண்பரின் கம்ப்யூட்டரில்தான் குட்டு வெளிப்படும். பைத்தான் 2லும் இதே தொல்லை இருந்தது. சோர்ஸை அழித்த பிறகும், அருகில் இருக்கும் பிஒய்சி பைலை அது இம்போர்ட் செய்து கொள்ளும். 2011ல் வந்த பைத்தான் 3.2 முதல் இந்த பைல்கள் தனி போல்டருக்குப் போகின்றன. சோர்ஸ் இல்லாவிட்டால் அவற்றை பைத்தான் தொடுவதும் இல்லை.

மூன்றாவது, பேக்கப்பும் மெயிலும். சில கேபி அளவுள்ள சோர்ஸுக்காகப் பல மடங்கு பெரிய போல்டரைக் காப்பி செய்ய வேண்டியிருக்கும். ஜிமெயிலில் இஎக்ஸ்இ பைலை அனுப்பவே முடியாது. ஜிப் செய்தாலும் தடுத்துவிடும்.

பிரிப்பது கடினமல்ல. ஜாவா கம்பைலரில் ஹைபன் டி, ஜிசிசியில் ஹைபன் ஓ கொடுத்து அவுட்புட் எங்கே போக வேண்டும் என்று குறிப்பிடலாம். இன்னும் டர்போ சி பயன்படுத்துபவர்கள் ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் சென்று, அவுட்புட் டைரக்டரியை மாற்றுங்கள். கம்பைலரின் பின் போல்டரிலேயே சோர்ஸைச் சேமிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் சி ஷார்ப் எழுதுபவர்களுக்கு பின், ஆப்ஜ் என்ற இரு போல்டர்கள் தாமாகவே உருவாகும். பேக்கப் எடுக்கும்போது அவற்றை விட்டுவிடலாம்.

கூடுதலாகச் சில எழுத்துகள் டைப் செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும் நிம்மதி பெரிது.

உங்கள் போல்டர் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை. பேக்கப் எடுத்துக் கொண்டு, அவுட்புட் போல்டரை முழுவதுமாக டெலீட் செய்து மீண்டும் கம்பைல் செய்யுங்கள். புரோகிராம் ஓடினால் உங்கள் சோர்ஸ் முழுமையாக இருக்கிறது. டெலீட் கீயை அழுத்தவே கை தயங்கினால், இரண்டும் இன்னும் கலந்திருக்கின்றன என்று பொருள். இன்றே பிரித்து விடுங்கள்.