படத்தில் ஏறிய பதவி

ஒருவருடைய படத்தைக் கண்டால் முகத்திற்கு முன் உடையை நோக்குவது உலக இயல்பு. 18-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1748-இல் அவர்களுக்கெனச் சீருடை வகுக்கப்பட்டது. அதன்பின் நீல மேலங்கியும் பொற்சரிகையும் அவர்தம் பதவியைப் பார்ப்பவர்க்கு உரைத்தன.

இங்கிலாந்தில் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலுள்ள நெல்சனின் இளமைப் படம் இதற்குத் தக்க சான்று. ரிகோ என்னும் ஓவியர் 1777-இல் அதனைத் தொடங்கினார். நெல்சன் அப்பொழுது 18 வயது லெப்டினன்ட். படம் முடியுமுன் அவர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். 1779-இல் காப்டன் பதவியும் பெற்றார். 1781-இல் ஓவியர் பழைய உடையின்மேல் காப்டனுக்குரிய உடையைத் தீட்டிப் படத்தை நிறைவு செய்தார். 1780-இல் நெல்சன் பங்கு கொண்ட நிக்கராகுவாப் படையெடுப்பில் வீழ்ந்த சான் ஹுவான் கோட்டையும் பின்னணியில் இடம்பெற்றது. அடியில் மறைந்த பழைய உருவத்தைப் பிற்காலத்து எக்ஸ்-கதிர் ஆய்வு வெளிப்படுத்தியது.

படத்தில் ஏறாத செய்தியும் உண்டு. அப்படையெடுப்பில் பகைவரினும் காய்ச்சலே மிகுதியான வீரரைக் கொன்றது. நெல்சனும் நோயால் நலிந்தே தாயகம் மீண்டார். வாளின்மேல் கையூன்றி நிற்கும் காப்டனிடம் அந்நலிவை நாம் காண இயலாது.

பிழைப்பின் பொருட்டு வெளியூரில் வாழும் நாமும் ஊருக்கு அனுப்பும் படங்களில் புத்தாடையையும் புதுமனையையுமே காட்டுகிறோம். அது தவறன்று, பெற்றோர் மகிழட்டும். ஆயினும் உடல்நலம் குன்றியபொழுது அதனையும் அவர்கட்குத் தெரிவிப்போமாக.