மணமகளின் மறுமொழி

பிற சமயத்தாரின் திருமணங்களுக்கு நாம் விருந்தினராகச் செல்கிறோம், வாழ்த்துகிறோம், உண்டு மீள்கிறோம். அங்கு நிகழும் சடங்கு யாது கூறுகின்றது என்று செவிசாய்ப்போர் சிலரே. அண்மையில் கத்தோலிக்க நண்பர் ஒருவரின் திருமணத்தின் பொருட்டு மட்டக்குளிக்குச் சென்றபோது, அவ்வாறு செவிசாய்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

கொழும்பின் வட எல்லையில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்தது மட்டக்குளி. பல இனத்தவரும் பல சமயத்தவரும் அயலவராய் வாழும் பகுதி அது. ஆதலின் அன்று தேவாலயத்தில் திருநீறு அணிந்த நெற்றிகளும் பலவாக இருந்தன.

மணமகள் கூறைச் சேலை உடுத்தியிருந்தாள். மணமகன் கட்டியது சிலுவை பொறித்த தாலி. அத்தாலிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகராகிய இராபர்ட் டி நொபிலி, தமிழர் வழக்கங்களைக் கைவிடாமலே ஒருவர் கிறிஸ்தவராக வாழலாம் என்றார். அதனால் மூண்ட வாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. போப்பரசரின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த கட்டளை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை விலக்கிச் சிலுவை முதலியன பொறித்ததை அனுமதித்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, அந்தந்த நாட்டின் நல்ல மணவழக்கங்கள் பேணப்பட வேண்டும் என்றே அறிவித்தது.

ஆயினும் நம் மனத்தை ஈர்த்தது தாலிக்கு முன் எழுந்த ஒரு வினா. எவருடைய கட்டாயமுமின்றி, முழு மனத்தோடு வந்தீர்களா எனக் குருவானவர் இருவரையும் கேட்டார். மணமகள் தன் வாயாலேயே மறுமொழி கூறினாள். கடைசி வாங்கில் இருந்தோர்க்கும் அது கேட்டது.

மணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதமே என்பதைப் போப்பரசர் முதலாம் நிக்கலஸ் 866இல் பல்கேரியருக்கு எழுதிய மடலிலேயே வலியுறுத்தினார். இலத்தீன் திருச்சபையின் கொள்கைப்படி, திருமணம் என்னும் அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குவோர் மணமக்களே. குருவானவர் அச்சம்மதத்தைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுபவர். வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ நிகழ்ந்த மணம் செல்லாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் கூறுகின்றது.

நமது மணவறையில் தந்தை தாரை வார்த்துக் கன்னிகாதானம் செய்கிறார், மணமகன் ஏற்கிறான். கொடுக்கப்படுபவளை நோக்கி இத்தகைய வினா எழுவதில்லை. பன்னிரண்டு வயதுக் கண்ணகிக்கும் பதினாறு வயதுக் கோவலனுக்கும் மணம் பேசியவர் பெற்றோர். யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்கெல்லாம் அறிவித்தனர். கண்ணகியைக் கேட்டதாக இளங்கோவடிகள் கூறவில்லை. எனினும், தலைவனும் தலைவியும் தாமே உளமொத்துக் கூடும் களவொழுக்கத்துக்கு ஓர் இயலையே வகுத்ததும் நம் தொல்காப்பியமே அன்றோ?

நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயமாகிப் படிப்பை இடையில் நிறுத்தினாள். விருப்பந்தானா என்று வினவினோம். "எல்லாம் ஒழுங்கான பிறகுதான் எனக்குச் சொன்னார்கள், சேர்" என்றாள். அவளுடைய பெற்றோர் கொடியவர் அல்லர். மகள்மீது உயிரையே வைத்தவர்கள். கேட்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்தவர் இல்லங்களிலும் தேவாலய வினாவுக்கு முன்பே வீட்டில் விடை முடிவாகிவிடுவதுண்டு. சீதனப் பேச்சுச் சமயம் பார்த்து வருவதில்லை. ஆயினும் ஊரார் முன்னிலையில் ஆண்டாண்டாகக் கேட்கப்படும் வினா, பெற்றோரின் நெஞ்சையும் என்றேனும் தட்டாமற் போகாது.

நம் சடங்குகளை மாற்றச் சொல்லவில்லை. பொன்னுருக்குக்கு நாள் பார்க்குமுன், சாதகங்களைச் சோதிடர் கையில் கொடுக்குமுன், மகளைத் தனியே அழைத்து அவள் கருத்தைக் கேளுங்கள். அவள் மறுத்தாலும் முகம் சுளியாது அமைதியாகக் கேளுங்கள். 'இல்லை' என்று சொல்லும் உரிமை உள்ளவளின் 'ஆம்' என்ற சொல்லே குடும்பத்தைத் தாங்கும். கிறிஸ்தவத் தமிழர் நம்மோடு பகிர்ந்துகொள்ளும் தாலியைப் போற்றிக் காத்தனர். அவர்களுடைய அந்த வினாவை நாமும் நம் வீட்டு வழக்கமாக்கிக் கொள்வோமாக.